'உப்பு ஏறிவிட்டது' என்பதிலிருந்து: டயாலிசிஸ், சிறுநீரக மாற்று பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மருத்துவர் அல்ல. ஒரு மாவட்டத் தலைநகரில் பதின்மூன்று ஆண்டுகளாக டயாலிசிஸ் டெக்னீஷியனாக இருக்கிறேன். ஊசி போடுவதும் இயந்திரத்தைக் கவனிப்பதும்தான் என் வேலை. மருத்துவரிடம் ஐந்து நிமிடம் பேசிவிட்டு வருகிறவர்கள் என் பக்கத்தில் நான்கு மணி நேரம் படுத்திருப்பதால், அங்கே கேட்கத் தயங்கியதை இங்கே கேட்கிறார்கள். அவர்கள் கேட்காமல் விட்டதை வெளியே பெஞ்சில் காத்திருக்கும் மனைவியோ மகனோ கேட்டுவிடுகிறார்கள். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதியிருக்கிறேன். யாருக்கு எந்த மருந்து, எவ்வளவு என்பதை மட்டும் உங்கள் சிறுநீரக மருத்துவரிடம் கேளுங்கள்.

அப்பா சாப்பாட்டில் உப்பே சேர்ப்பதில்லை. பிறகு எப்படி ரத்தத்தில் உப்பு ஏறியது?

நம் ஊரில் யூரியா, கிரியாட்டினின் இரண்டையும் சேர்த்து 'உப்பு' என்று சொல்லிப் பழகிவிட்டோம். சமையல் உப்புக்கும் இவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. யூரியா, நாம் சாப்பிடும் புரதம் செரித்த பின் மிஞ்சும் கழிவு. கிரியாட்டினின், தசைகளிலிருந்து தினமும் வெளியாகும் கழிவு. சிறுநீரகம் இவற்றை வெளியேற்றத் தவறும்போது இரண்டும் ரத்தத்தில் தேங்குகின்றன.

சமையல் உப்பைக் குறைப்பது வேறு காரணத்துக்காக. அது ரத்த அழுத்தத்தை ஏற்றும், தாகத்தைக் கிளப்பும், நீரைத் தேக்கும். ஒரே சொல் இரண்டு வேலை பார்ப்பதால், உப்பை நிறுத்தினால் கிரியாட்டினின் இறங்கிவிடும் என்று மாதக்கணக்கில் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். 'உப்பு ஏறிவிட்டது' என்று யாராவது சொன்னால், எந்த உப்பு என்று கேளுங்கள்.

சிறுநீர் நன்றாகத்தான் போகிறது. கிட்னி கெட்டுவிட்டது என்றால் எப்படி நம்புவது?

சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, அதில் தேவையானதையெல்லாம் திரும்ப உறிஞ்சிக்கொண்டு, ஒன்றரை லிட்டர் அளவுக்கு மட்டும் வெளியே விடுகின்றன. கெட்டுப்போன சிறுநீரகமும் பல காலம் நீரை விடும். ஆனால் அந்த நீரில் கழிவு போதிய அளவு இருக்காது. வடிகட்டி கிழிந்த பிறகும் டீ டம்ளருக்குள் விழுவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிறுநீரகத்துக்கு வேறு வேலைகளும் உண்டு. ரத்தம் ஊறுவதற்கான ஹார்மோனைச் சுரப்பது, எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டி-யைப் பயன்படும் வடிவுக்கு மாற்றுவது, ரத்த அழுத்தத்தையும் பொட்டாசியத்தையும் கட்டுக்குள் வைப்பது. சோகை, எலும்பு வலி, அடங்காத ரத்த அழுத்தம் என்று வெவ்வேறு மருத்துவர்களிடம் அலைந்துவிட்டுக் கடைசியில் எங்களிடம் வந்து சேர்பவர்கள் நிறையப் பேர்.

குடி இல்லை, சிகரெட் இல்லை. இவருக்கு ஏன் வந்தது?

பெரும்பாலும் சர்க்கரை நோய், அல்லது ரத்தக் கொதிப்பு. பத்துப் பதினைந்து ஆண்டுகள் சத்தமில்லாமல் அரித்திருக்கும். சிறுநீரக வடிகட்டியில் வரும் அழற்சி, கற்களின் அடைப்பு, பரம்பரையாக வரும் நீர்க்கட்டிகள், மூட்டுவலிக்காகக் கடையில் கேட்டு வாங்கி வருடக்கணக்கில் விழுங்கிய வலி மாத்திரைகள் ஆகியவையும் காரணமாகலாம்.

சர்க்கரையும் கொதிப்பும் இல்லாத விவசாயக் கூலிகளுக்கும் வருகிறது. ஆந்திரத்தின் உத்தானம் பகுதியிலும் இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும் இப்படி ஊர் ஊராகப் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள். கொளுத்தும் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வது ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள். எந்தப் பாவத்துக்குத் தண்டனை என்று கேட்டு அழுகிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: ஒன்றுக்கும் இல்லை.

கிரியாட்டினின் எத்தனை வந்தால் டயாலிசிஸ்?

அந்த ஒற்றை எண்ணை எல்லோரும் பரீட்சை மதிப்பெண்ணைப் போல மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். சாதாரண அளவு சுமார் 0.6 முதல் 1.2 வரை. ஆனால் ஒல்லியான பாட்டிக்கு 4 வந்தாலே நிலைமை மோசமாக இருக்கலாம்; கட்டுமஸ்தான இளைஞர் 8-ஐ வைத்துக்கொண்டு நடந்து வரலாம். அதனால்தான் மருத்துவர்கள் வயதையும் பாலினத்தையும் சேர்த்து வடிகட்டும் திறனைக் கணக்கிடுகிறார்கள். அது நிமிடத்துக்கு 15 மில்லிக்குக் கீழே போனால் கடைசி நிலை.

அந்த நிலையிலும் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை. மூச்சு வாங்குதல், தொடர்ந்த குமட்டல், உணர்வு மங்குதல், மருந்துக்கு இறங்காத பொட்டாசியம், நுரையீரலில் நீர். இவற்றில் ஒன்று வந்துவிட்டால் நாள் பார்க்கக் கூடாது. அமாவாசை கழியட்டும் என்று சொல்லிவிட்டு, அன்றிரவே ஆம்புலன்ஸில் வந்தவரை எனக்குத் தெரியும்.

ஒரு முறை செய்துவிட்டால் ஆயுள் முழுக்கச் செய்ய வேண்டுமாமே? அதனால்தான் பயமாக இருக்கிறது.

இந்தப் பட்டியலில் உயிரைக் குடிக்கும் தவறான நம்பிக்கை இதுதான். டயாலிசிஸ் பழக்கமாகி ஒட்டிக்கொள்ளும் போதை அல்ல. சிறுநீரகம் மீண்டால் நிறுத்திவிடலாம். மீளாவிட்டால் தொடர வேண்டும். தீர்மானிப்பது நோய், இயந்திரம் அல்ல.

பாம்புக்கடி, எலிக்காய்ச்சல், கடும் வயிற்றுப்போக்கு, பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு போன்றவற்றில் சிறுநீரகம் திடீரென்று நின்றுபோகும். அதற்குத் தற்காலிகச் செயலிழப்பு என்று பெயர். சில நாட்களோ சில வாரங்களோ டயாலிசிஸ் செய்தால் பலருக்குத் திரும்பிவிடும். வரலாறும் இதையே சொல்கிறது. நெதர்லாந்தில், ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில், வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர் மரச் சட்டங்களாலான உருளையில் செலோபேன் குழாயைச் சுற்றி 1943-இல் நடைமுறைக்கு உதவிய முதல் டயாலிசிஸ் இயந்திரத்தை உருவாக்கினார். அதில் முதன்முதலாக உயிர் பிழைத்தவர் 67 வயதுப் பெண்மணி. 1945-இல் பதினொரு மணி நேரம், ஒரே ஒரு முறை. அவருடைய சிறுநீரகம் திரும்பிவிட்டது.

நாள்பட்ட செயலிழப்பில் அப்படித் திரும்புவதில்லை. அங்கே இருப்பவை இரண்டே வழிகள்: தொடர் டயாலிசிஸ், அல்லது மாற்றுச் சிறுநீரகம்.

ரத்தம் முழுவதையும் வெளியே எடுத்துக் கழுவி உள்ளே விடுவீர்களா?

ஒரு நேரத்தில் உடம்புக்கு வெளியே இருப்பது ஒரு டம்ளர் அளவு ரத்தம்தான். நிமிடத்துக்குச் சுமார் 300 மில்லி வேகத்தில் அது போய் வந்துகொண்டே இருக்கும். உருளையான வடிகட்டிக்குள் தலைமுடி போன்ற பல ஆயிரம் நுண்குழாய்கள் உள்ளன. குழாய்களுக்குள் ரத்தம், வெளியே சுத்திகரித்த நீரில் கலந்த திரவம். இரண்டும் நேரடியாகக் கலப்பதில்லை. குழாய்ச் சுவரின் நுண்துளைகள் வழியே கழிவு வெளியேறும். கூடுதல் நீரையும் இயந்திரம் இழுத்துவிடும். நான்கு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 120 லிட்டர் திரவம் செலவாகிறது. வாய்க்கால் போல ஓடுகிறதே என்று ஒரு விவசாயி வருத்தப்பட்டார். அவர் ஊரில் அப்போது குடிநீர் ஒன்றுவிட்ட ஒரு நாள்தான்.

வாரம் மூன்று முறை வரச் சொல்கிறார்கள். நன்றாக இருக்கும்போது இரண்டு போதாதா?

கணக்கைப் பாருங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். நல்ல சிறுநீரகம் அத்தனை மணி நேரமும் உழைக்கிறது. வாரம் மூன்று முறை வந்தாலும் இயந்திரம் உழைப்பது 12 மணி நேரம். இரண்டு முறை என்றால் எட்டு. சொந்தச் சிறுநீரகத்தில் கொஞ்சம் உயிர் மிச்சமிருக்கும் ஆரம்ப காலத்தில் சிலருக்கு இரண்டு போதும் என்று மருத்துவரே சொல்லலாம். பஸ் செலவை மிச்சப்படுத்த நாமே குறைத்துக்கொள்வது வேறு கதை.

இரண்டு நாள் இடைவெளி விழும் வார இறுதி கடினமானது. சனிக்கிழமை டயாலிசிஸ் முடித்து, ஞாயிறு கறிக்குழம்பும் கல்யாண விருந்தும் முடித்து, செவ்வாய்க்கிழமை மூச்சுத் திணறி வருவார்கள். எங்கள் பிரிவில் செவ்வாய் காலைக்கு ஆக்சிஜன் சிலிண்டரைத் தயாராக வைத்திருப்போம்.

கழுத்துக் குழாயிலேயே நன்றாக ஓடுகிறது. கையில் ஆபரேஷன் எதற்கு?

கழுத்துக் குழாய் அவசரத்துக்கான வாசல். அதன் வழியே கிருமி நேராக இதயத்தின் பக்கத்துக்குப் போகும். டயாலிசிஸ் ஓடும்போது குளிரும் நடுக்கமுமாகக் காய்ச்சல் வந்தால், முதலில் அந்தக் குழாயைத்தான் சந்தேகிப்போம்.

கையில் செய்வது ஃபிஸ்துலா: தமனியைச் சிரையோடு இணைத்துவிடுவார்கள். அழுத்தம் தாங்கித் தாங்கிச் சிரை பருத்து, ஆறு முதல் எட்டு வாரங்களில் ஊசி தாங்கும் அளவுக்கு முற்றும். ஒவ்வொரு முறையும் புது ரத்தக்குழாயைத் தேடி இடமே இல்லாமல் போனதால்தான் கோல்ஃபின் இயந்திரம் வந்த பிறகும் நாள்பட்ட நோயாளிகளைக் காப்பாற்ற முடியவில்லை. 1960-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் ஸ்கிரிப்னர் என்ற மருத்துவர் நோயாளியின் கையில் நிரந்தரக் குழாய் பொருத்தினார். ஃபிஸ்துலா 1966-இல் வந்தது.

அந்தக் கையில் ரத்தம் எடுக்கவோ, அழுத்தம் பார்க்கவோ, தண்ணீர்க் குடம் தூக்கவோ, இறுக்கமான வளையல் போடவோ கூடாது. அதைத் தலைக்கு வைத்துத் தூங்கவும் கூடாது. காலையில் எழுந்ததும் விரல் வைத்துப் பாருங்கள், ரீங்காரம் போன்ற அதிர்வு இருக்க வேண்டும். அது நின்றிருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

தண்ணீரே குடிக்காமல் சித்திரை வெயிலில் எப்படி இருப்பது?

பொதுவான கணக்கு: முந்தின நாள் போன சிறுநீரின் அளவோடு அரை லிட்டர். இதில் காபி, மோர், ரசம், கஞ்சி, மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் அடக்கம். ரசத்தைக் கணக்கில் சேர்க்கச் சொன்னால் கோபித்துக்கொள்ளாதவரை நான் இன்னும் பார்க்கவில்லை. வாயைக் கொப்பளித்துத் துப்பலாம், ஒரு ஐஸ் கட்டியைச் சப்பலாம், எல்லாவற்றுக்கும் மேலாக உப்பைக் குறைக்கலாம். ஊறுகாயும் அப்பளமும் நிற்காமல் தாகம் நிற்காது.

உங்களை எடை பார்த்துத்தான் நீர் இறக்குகிறோம். ஒரு கிலோ ஏறினால் ஒரு லிட்டர். நான்கைந்து கிலோவை ஒரே அமர்வில் இறக்கும்போது ரத்த அழுத்தம் விழும், கெண்டைக்கால் முறுக்கிப் பிடிக்கும். டயாலிசிஸ் கஷ்டமாக இருக்கிறது என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்கு அந்தக் கஷ்டம் முந்தின இரண்டு நாட்களில் உருவானது.

பார்க்க வருகிறவர்கள் இளநீர் வாங்கி வருகிறார்கள். உடம்புக்கு நல்லதுதானே?

உங்களுக்கு நல்லது, அவருக்கு இல்லை. இளநீரில் பொட்டாசியம் அதிகம். அது ரத்தத்தில் ஏறினால் எந்த அறிகுறியும் காட்டாமல் இதயத் துடிப்பை நிறுத்திவிடும். வாழைப்பழம், ஆரஞ்சு, உலர்பழங்கள், கீரைச் சாறு, தக்காளிச் சாறு ஆகியவற்றிலும் கவனம் வேண்டும். காய்களைச் சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேக வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமையுங்கள். 'சோடியம் குறைந்த உப்பு' என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் கலந்திருக்கிறது, தொடாதீர்கள். இந்துப்பும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான், பெயரில் மயங்க வேண்டாம்.

குற்றாலம் பக்கம் போனால் கூறு கட்டி விற்கும் நட்சத்திரப் பழத்தை, தமரத்தம்பழம் என்றும் சொல்வார்கள், அறவே சாப்பிடக் கூடாது. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அதிலுள்ள நச்சு மூளையைத் தாக்கும். தீராத விக்கலில் தொடங்கி வலிப்பு வரை போகும்.

ஆனால் புரதத்தை நிறுத்த வேண்டாம். டயாலிசிஸுக்கு முன்பு புரதத்தைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். தொடங்கிய பிறகு கூட்டச் சொல்வார்கள். முட்டையின் வெள்ளைக்கரு கண்ணில் படுவதே பிடிக்கவில்லை என்று சொல்லும் அளவுக்குச் சாப்பிட வைப்போம்.

பக்கத்து ஊரில் ஒருவர் வேர் கொடுக்கிறார், மூன்று மாதத்தில் கிட்னி சரியாகிவிடும் என்கிறார்.

தற்காலிகச் செயலிழப்பு தானாகவே மீளக்கூடியது என்று மேலே சொன்னேன். அப்படி மீண்டவரைக் காட்டித்தான் பெரும்பாலும் இந்த வியாபாரம் நடக்கிறது. நாள்பட்டுச் சுருங்கிய சிறுநீரகத்தை மீட்கும் வேர் எதுவும் இல்லை. ஆடுதின்னாப்பாளை வகைச் செடிகளில் உள்ள ஒரு அமிலமே சிறுநீரகத்தைக் கெடுக்கும். சில பொடிகளில் ஈயம், பாதரசம் இருக்கும். முறையாகப் படித்த சித்த மருத்துவர், 'டயாலிசிஸை நிறுத்து' என்று சொல்ல மாட்டார். சொல்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

வீட்டிலேயே வயிற்றில் திரவம் விட்டுச் செய்யலாமாமே?

செய்யலாம். வயிற்றுக்குள் மென்மையான குழாய் ஒன்றை வைப்பார்கள். அதன் வழியே பெரும்பாலும் இரண்டு லிட்டர் திரவத்தை உள்ளே விட்டு, சில மணி நேரம் வைத்திருந்து வெளியே விட வேண்டும். தினமும் மூன்று நான்கு முறை. டயாலிசிஸ் மையத்துக்கு ஐம்பது கிலோமீட்டர் போக வேண்டியவர்களுக்கும் இதயம் பலவீனமானவர்களுக்கும் ஏற்றது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்தத் திரவப் பைகள் வீட்டுக்கே வருகின்றன. கை சுத்தம்தான் இதில் எல்லாமே. வெளியே வரும் திரவம் கலங்கலாக இருந்தால் கிருமி புகுந்துவிட்டது என்று பொருள். அந்தப் பையையும் எடுத்துக்கொண்டு உடனே கிளம்புங்கள்.

டயாலிசிஸிலேயே நன்றாகத்தான் இருக்கிறார். மாற்று அறுவை சிகிச்சை எதற்கு?

மேலே சொன்ன 12 மணி நேரக் கணக்கை மறுபடி பாருங்கள். மாற்றுச் சிறுநீரகம் 168 மணி நேரமும் உழைக்கும். ரத்தம் ஊற வைக்கும், தண்ணீர் குடிக்க விடும், வேலைக்குப் போக விடும். உடல் தாங்குகிறவர்களுக்குப் பொதுவாக ஆயுளும் கூடுதல். டயாலிசிஸில் கழியும் ஒவ்வோர் ஆண்டும் இதயத்தையும் ரத்தக்குழாயையும் கொஞ்சம் கெடுப்பதால், 'பிறகு பார்க்கலாம்' என்பதற்கு விலை உண்டு. கொடுக்க ஆள் தயாராக இருந்தால், டயாலிசிஸ் தொடங்கும் முன்பே கூட மாற்றலாம்.

எல்லோருக்கும் பொருந்தாது. குணமாகாத புற்றுநோய், உடலில் இருக்கும் தொற்று, மிகவும் பழுதான இதயம் இருந்தால் மருத்துவர்கள் மறுப்பார்கள். வயது மட்டுமே தடை அல்ல. இறந்தவரின் உறுப்புக்குப் பதிவு செய்ய இருந்த 65 வயது உச்சவரம்பை மத்திய அரசு 2023-இல் நீக்கிவிட்டது.

யார் கொடுக்கலாம்? கொடுத்தவருக்கு என்ன ஆகும்?

1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டமும் அதன் 2011 திருத்தமும் நெருங்கிய உறவு என்று சொல்வது இவர்களை: தாய், தந்தை, மகன், மகள், உடன்பிறந்தோர், கணவன் மனைவி, தாத்தா பாட்டி, பேரன் பேத்தி. மைத்துனர், மருமகள், சித்தப்பா இதில் வரமாட்டார்கள்; அவர்கள் கொடுக்க வேண்டுமானால் அங்கீகாரக் குழுவின் முன் போக வேண்டும். ரத்த வகை பொருந்தாத இரண்டு குடும்பங்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது.

முழுமையாகப் பரிசோதித்த பிறகே எடுப்பார்கள். பெரும்பாலும் நுண்துளை வழி. மிஞ்சிய சிறுநீரகம் சற்றுப் பெருத்து, இரண்டும் சேர்ந்து செய்த வேலையில் ஏறக்குறைய எழுபது சதவீதத்தைத் தானே செய்யும். சில நாட்களில் வீடு, சில வாரங்களில் வழக்கமான வேலை. ஆபத்தே இல்லை என்று சொன்னால் அது பொய். ஆண்டுதோறும் ரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் பார்த்தாக வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மனைவி கணவனுக்குக் கொடுத்ததை நிறையப் பார்த்திருக்கிறேன். கணவன் மனைவிக்குக் கொடுத்ததை விரல்விட்டு எண்ணலாம். நாடு முழுவதுமே உயிரோடிருந்து கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், பெறுபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அன்பினால் கொடுப்பது உண்டு, மறுக்க வழியில்லாமல் கொடுப்பதும் உண்டு. கொடுப்பவரைத் தனியே வைத்துப் பேசுவார்கள். அங்கே 'எனக்கு விருப்பமில்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். குடும்பத்துக்கு 'பொருந்தவில்லை' என்ற பதில் மட்டுமே போகும்படி மருத்துவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

ஒருவர் பணம் கொடுத்தால் ஆள் ஏற்பாடு செய்வதாகச் சொல்கிறார்.

சட்டப்படி ஐந்து முதல் பத்து ஆண்டு சிறை, இருபது லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். கொடுத்தவருக்கு மட்டுமல்ல, வாங்கியவருக்கும் இடையில் நின்றவருக்கும்.

சென்னை வில்லிவாக்கத்துக்கு ஒரு காலத்தில் 'கிட்னிவாக்கம்' என்று பெயர் வந்த கதை பலருக்குத் தெரியும். 2025-இல் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்களிடம் சிறுநீரகம் விலை பேசப்பட்டதாகப் புகார் எழுந்தது. விற்றவர்கள் கரையேறினார்களா? சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைச் சந்தித்த ஆய்வு ஒன்று 2002-இல் வெளியானது. அவர்களில் 96 சதவீதம் பேர் கடனை அடைக்கத்தான் விற்றார்கள். ஆய்வின்போதும் முக்கால்வாசிப் பேர் கடனில்தான் இருந்தார்கள். குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

மாற்றி மூன்று வருடம் ஆகிறது. மாத்திரையை இனி நிறுத்தலாமா?

கூடாது. 1954-இல் பாஸ்டனில் ஜோசப் மர்ரே செய்த முதல் வெற்றிகரமான மாற்று, ஒரே முகமுடைய இரட்டையர்களுக்கு இடையே நடந்தது. ஆகவே உடல் அதை அந்நியமாகப் பார்க்கவில்லை. உங்களுடையது அப்படியல்ல. எத்தனை ஆண்டானாலும் நோயெதிர்ப்பு அணுக்கள் அது வேறொருவருடையது என்பதை மறப்பதில்லை. டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகள் அவற்றை அடக்கி வைத்திருக்கின்றன. நன்றாக இருப்பதே மாத்திரையால்தான். பம்பளிமாஸ் பழம் அந்த மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும், தவிர்த்துவிடுங்கள்.

பழைய சிறுநீரகங்களைப் பெரும்பாலும் எடுக்க மாட்டார்கள்; புதியதை அடிவயிற்றின் ஓரத்தில் வைப்பார்கள். அதுவும் நிரந்தரமல்ல. பத்து, பதினைந்து, சிலருக்கு இருபது ஆண்டுகள் கடந்தும் ஓடும். நின்றுபோனால் மறுபடி டயாலிசிஸ் உண்டு, இரண்டாவது மாற்றும் உண்டு.

செலவுக்கு எங்கே போவது?

அரசு மருத்துவமனைகளில் டயாலிசிஸ் இலவசம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பட்டியலிலுள்ள தனியார் மருத்துவமனைகளிலும் டயாலிசிஸும் மாற்று அறுவையும் செய்துகொள்ளலாம். நிலத்தை விற்கும் முன் அந்த அட்டையை எடுங்கள். இந்த வரிசை மாறிப்போனவர்களை மாதம் ஒருவராவது பார்க்கிறேன்.

மூளைச்சாவு அடைந்தவரின் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்து நான்கு வருடம் ஆகிறது. நாங்கள் செய்ய வேண்டியது ஏதாவது உண்டா?

உண்டு. மூளைச்சாவை நான்கு மருத்துவர்கள், ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பரிசோதித்து உறுதி செய்வார்கள். 2008-இல் ஹிதேந்திரன் என்ற சிறுவனின் பெற்றோர் மகனின் உறுப்புகளைக் கொடுத்த பிறகு தமிழ்நாட்டில் இது வீட்டுப் பேச்சானது. 2023 முதல் உறுப்புக் கொடை செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கிறது. ஆனாலும் காத்திருப்போர் ஆயிரக்கணக்கில். ஓ வகை ரத்தம் உள்ளவர்கள் ஓ வகையிடமிருந்து மட்டுமே பெற முடியும் என்பதால் அவர்களின் காத்திருப்பு இன்னும் நீளம்.

போன் எண் மாறினால் பதிவு செய்த மருத்துவமனைக்கு அன்றே சொல்லுங்கள். இரவில் அணைத்து வைக்காதீர்கள். பல்லில் சீழ், காலில் புண் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தேவையில்லாமல் ரத்தம் ஏற்றிக்கொள்ளாதீர்கள். அதனால் எதிர்ப்புப் புரதங்கள் உருவாகிப் பொருத்தம் கிடைப்பது கடினமாகும். அழைப்பு வந்தாலும் உங்களுக்கே கிடைத்துவிட்டதாகப் பொருள் அல்ல. ஒரு சிறுநீரகத்துக்கு இரண்டு மூன்று பேரை அழைத்துப் பொருத்தம் பார்ப்பார்கள்.

எங்கள் பிரிவில் ஒரு தையல்காரருக்கு இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அழைப்பு வந்தது. பாதியில் நிறுத்தி ரத்தத்தைத் திருப்பிக் கொடுத்தோம். மனைவி கொண்டு வந்திருந்த இட்லியைச் சாப்பிட்டுவிட்டுப் போகலாமா என்று கேட்டார். வெறும் வயிற்றோடு போக வேண்டும் என்றேன். அந்த முறை வேறொருவருக்குப் பொருந்திவிட்டது. மறுநாள் காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு, விட்டுப்போன இரண்டு மணி நேரத்தை முடிக்க வந்து நின்றார், இட்லி சாப்பிட்டுவிட்டு.